சமையலறை எல்லைச் சாவடி

“சொந்த வீட்டு அடுப்படிக்குள்ள போறதுக்கு ‘வருகையின் நோக்கம் என்ன’ன்னு கேக்கறீங்களே, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?”

அம்மா கேட்டது எழுத்துப் பிசகாமல் இதுதான். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சாப்பாட்டு மேஜையைக் குறுக்கே போட்டு, அதன் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை வேறு.

“கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நோக்கம்?”

“பால் பொங்குது.”

“அது நிகழ்ச்சி. நான் கேட்டது நோக்கம்.”

“அடுப்பை அணைக்கணும், போதுமா?”

“எவ்வளவு நேரம் தங்குவதாக உத்தேசம்?”

“கல்யாணமான நாள்லேர்ந்து அங்கேதானே கிடக்கேன்!”

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அப்படின்னா அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல தங்கியிருக்கீங்க. சிக்கலான கேஸ். கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

கல்யாணமானதிலிருந்து அவர் அம்மாவை ‘நீங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். அந்த மரியாதையை அனுபவிக்க நேரமில்லாமல் பால் பொங்கி வழிந்து, அடுப்பைத் தானே அணைத்துவிட்டது.

விஷயம் இதுதான். மகளுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விசாவும் வந்துவிட்டது. ஆனால் விசா என்பது வாசல்வரைக்கும்தான். உள்ளே விடுவதும் விடாததும் அந்த ஊர் விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அதிகாரியின் சித்தம் என்று அப்பா எங்கேயோ படித்துத் தொலைத்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஓய்வு பெறும்வரை அவரும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவர். ஜன்னலுக்கு உள்பக்கம் இருக்கிற மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அத்தனையையும் அவரே செய்திருக்கிறார்.

ஆகவே, பொதுநலன் கருதி, வீட்டுக்குள் மேற்படி எல்லைச் சாவடி நிறுவப்பட்டது. மகள் ஒவ்வொரு வேளையும் அதைத் தாண்டித்தான் சாப்பிட வேண்டும். சட்டம் எல்லாருக்கும் சமம் என்பதால் அம்மாவுக்கும் விலக்கு இல்லை.

முதல் நாள் மகள் வந்து நின்றதும் அப்பா, ‘உணவு இடைவேளை’ என்று ஓர் அட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

“அப்பா, அங்கெல்லாம் இப்படிச் செய்ய மாட்டாங்கப்பா!”

“மனுஷன் எல்லா ஊர்லயும் மனுஷன்தான்மா. அவனுக்கும் பசிக்கும். நீ பழகிக்கோ.”

பழகிக்கொண்டாள். எல்லாக் கேள்வியையும் தாண்டி வந்தவள் கடைசிக் கேள்வியில் தினமும் மாட்டினாள். “படிப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள்?”

“திரும்பி வந்துடுவேன்.”

“தயங்கற. நிராகரிக்கப்படுகிறது. அடுத்தவர்!”

அடுத்தவர் என்று அங்கே யாரும் இல்லை. துடைப்பத்தோடு அம்மா நின்றாள்.

வீட்டுப் பயிற்சி போதாதென்று ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார்கள். இப்போதெல்லாம் பிள்ளையை வெளிநாடு அனுப்புகிற வீட்டுக்குப் பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆலோசகர் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது. உச்சி வெயிலில் கோட்டோடு வந்த அவர், மகளின் சிரிப்பை ஒரு மணி நேரம் சரிபார்த்தார்.

“சிரிக்கணும். ஆனா பல் தெரியக்கூடாது. பல் தெரிஞ்சா, அங்கேயே இருந்துடப் போறோம்கிற சந்தோஷம்னு எடுத்துப்பாங்க.”

“அழுதா?” என்றாள் அம்மா.

“இங்கே ஏதோ பிரச்சினை, தப்பிச்சு வந்திருக்காங்கன்னு எடுத்துப்பாங்க மேடம்.”

“மூஞ்சியைக் கழற்றிப் பெட்டியில வச்சு அனுப்பிடட்டுமா?”

அவர் அதையும் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணி சரி, புத்தகம் சரி. அடியில் ஒரு சின்னத் தலையணை. மகள் குழந்தையிலிருந்து அது இல்லாமல் தூங்கியதில்லை. உறை மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆலோசகர் அதை இரண்டு விரலால் தூக்கினார். “இது ரொம்ப ஆபத்து சார். படிக்க வர்றவங்க தலையணை கொண்டு வர மாட்டாங்க. சொந்தத் தலையணையோட வர்றவங்க, நிரந்தரமா படுக்கத்தான் வர்றாங்க.”

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. தலையணை அந்த இடத்திலேயே பறிமுதல் செய்யப்பட்டு, பரண்மேல் ஏற்றப்பட்டது.

‘பஞ்சைப் பார்த்துப் பயப்படற அரசாங்கம் எந்த ஊர்ல இருக்கு?’ என்று அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புறப்படுகிற அன்று அப்பா டாக்சிக்காரரிடம் வருகையின் நோக்கம் விசாரித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, பரணில் ஏறித் தலையணையை எடுத்து, குளிருக்கு வாங்கிய கோட்டுக்குள் சுருட்டிப் பெட்டியில் திணித்துப் பூட்டினாள். இத்தனை நாளில் அந்தச் சாவடியை ஏமாற்றிக் கடத்தப்பட்ட ஒரே சரக்கு அதுதான். விமான நிலையம்வரை அம்மாவின் முகத்தில் பல் தெரிகிற சிரிப்பு.

மகள் போய்ச் சேர்ந்து பேசினாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்கள். மேஜை இன்னும் சமையலறை வாசலில்தான் கிடந்தது.

“என்னம்மா கேட்டான்?” அப்பா டையை இறுக்கிக்கொண்டார்.

“ஒண்ணுமே கேக்கலப்பா. கொட்டாவி விட்டுக்கிட்டே கைரேகை எடுத்தார், சீல் குத்தினார்.”

“கடைசிக் கேள்வி?”

“கேக்கவே இல்ல. பாடம் பண்ணினது வீணாப் போகுதேன்னு நானே சொன்னேன், ‘படிப்பு முடிந்ததும் கட்டாயம் திரும்பிப் போய்விடுவேன்’னு.”

“தயங்காம சொன்னியா?”

“தயங்கவே இல்ல. அதுக்கு அவர், ‘அது உங்க இஷ்டம்மா’ன்னுட்டார்.” மகள் சிரித்தாள். “என் இஷ்டம்னு ஒண்ணு இருக்கறதே இத்தனை நாளா எனக்குத் தோணலப்பா.”

அப்பா மெதுவாக டையைத் தளர்த்தினார்.

“அம்மா, பெட்டியைத் திறந்தா தலையணை! நீதானே வச்சே? படுத்ததும் தூங்கிட்டேன். அப்படியே வீடு மாதிரியே இருக்கும்மா இங்கே.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். சொந்தத் தலையணையைப் பற்றி ஆலோசகர் அன்றைக்குச் சொன்னது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

“சரிம்மா, வகுப்புக்கு நேரமாச்சு. வச்சிடறேன்.”

அம்மா மேஜைமேல் குனிந்து ஃபோனைப் பிடுங்கினாள். “அடியே, இரு! அந்தத் தலையணை பழசாப் போச்சு. பஞ்செல்லாம் கட்டி தட்டிக் கிடக்கு. அதை மட்டும் திருப்பி அனுப்பிடு, கேக்குதா? கண்ணு, அதை மட்டும் அனுப்பிடேன்…”