பழைய லாரி நகரவில்லை

வண்டி இழுக்கும் எந்திரமான வின்ச்சின் கம்பி வடம் விறைத்து நின்றது. மறுமுனையில் பழைய லாரி அசையவில்லை.

"இன்னும் கொடு," என்றார் முதலாளி.

டிகிரி நெம்புகோலை அழுத்தினாள். பெற்றோர் வைத்த பெயர் வேறு; பட்டறையில் அவள் டிகிரிதான். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இந்தப் புது மீட்பு வண்டியின் வின்ச் அவள் வரைந்தது. கொட்டகைக்குள் வாலும் வெளியே மூக்குமாக நிற்கும் பழைய லாரியை அது பத்தடி இழுத்துக் காட்ட வேண்டும். இழுத்தால் வின்ச் உற்பத்திக்குப் போகும். இல்லையென்றால் நாளை முதல் அவளுக்குப் போன் எடுக்கும் வேலை. வண்டி வாங்க வந்தவர் எதிரிலேயே முதலாளி அதைச் சொல்லிவிட்டார்.

"பிரேக் எடுத்தாச்சா அண்ணே?"

"எடுத்தாச்சு. கியரும் நியூட்ரல்," என்றார் ஃபோர்மேன்.

"பின்னாடி போய்ப் பாத்தீங்களா?"

"முப்பது வருஷமா வண்டிய முன்னாடிதான் இழுக்கறோம். பின்னாடி என்ன இருக்கு, உன் டிகிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூடுதலாக ஒரு கப்பியை மாட்டினாள். இழுவை இரட்டிப்பானது. இப்போது புது வண்டியே பழைய லாரியை நோக்கி வழுக்கிப் போனது. எடைக்கு எட்டுப் பேரை ஏற்றினார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து வழுக்கினார்கள்.

"என் காரை முன்னாடி நிறுத்திக் கட்டு!" என்றார் முதலாளி.

கட்டினார்கள். காரின் பம்பர் மட்டும் பிய்ந்து வண்டியோடு போனது.

"பொம்பளப் புள்ள வரைஞ்சா இப்படித்தான்," என்றார் ஃபோர்மேன்.

"பம்பரை நான் வரையலண்ணே."

மிச்சம் இருந்தது ஒரே வழி. வண்டியின் இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றினாள். புதிதாகப் போட்ட சிமெண்ட் தளம் அப்பளமாக நொறுங்கியது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் நெம்புகோலைக் கடைசிவரை அழுத்தினாள்.

பழைய லாரி ஓரடி நகர்ந்தது. கூடவே கொட்டகையின் தகரக் கூரையும் ஒரு பக்கமாகச் சரிந்தது. வாங்க வந்தவர் வாசல்வரை பின்வாங்கினார்.

"லாரிய இழுக்கச் சொன்னா கூரையை இறக்கிட்டியே! போன் வேலையும் கிடையாது, வீட்டுக்குப் போ!" என்று கத்தினார் முதலாளி.

அவள் கையை எடுத்தாள். கூரை சரிந்த சத்தத்தில் தூக்கம் கலைந்த இரவுக் காவலாளி, சாவிக்கொத்தோடு கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார்.

"சாவியைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மொதலாளி, திருட்டு பயத்துல லாரியைக் கொட்டகைத் தூணோட சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னதே நீங்கதானே!"