இருபத்து மூன்று மீன்களும் மூன்று மூட்டைத் தேங்காயும்

மனைவி சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, மறைக்கவும் வழியில்லை. ஆதாரம் இணையத்தில், உலகத்தில் யாரும் இலவசமாகக் கேட்கும்படி கிடக்கிறது.

நான் பிரெஞ்சுத் தலைநகரில், ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டுபவன் மூசா. மாலி நாட்டுக்காரன்; தாய்மொழி சொனின்கே. எங்கள் பெடியங்களோடு எட்டு வருடம் குசினியில் நின்றதில் என்னை ‘அண்ணை’ என்பான், கோபம் வந்தால் யாழ்ப்பாணத் தமிழில் ஏசுவான் (அதில் என்னைவிடக் கெட்டிக்காரன்). ஓய்வு நேரத்தில் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு சொனின்கேச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவான். தொண்டர்கள் சேர்ந்து இணையத்தில் உருவாக்கும் திறந்த அகராதியாம். சம்பளம் கிடையாது.

“ஏனடாப்பா உனக்கு இந்த வில்லங்கம்?”

“என்ரை மகள் என்ன கேட்டாலும் பிரெஞ்சிலைதான் அண்ணை பதில் சொல்லுறாள்.”

என் வீட்டிலும் ஒரு மகன் இருக்கிறான், ‘சாப்பிட்டியா ராசா?’ என்றால் பிரெஞ்சில் ‘வி, பப்பா’ என்பவன். அன்றே நானும் தொண்டனானேன்.

அந்தக் கோடையில் மூசாவின் மாமி, தகப்பனின் தங்கை, நகருக்கு வெளியே பொண்டியிலிருக்கும் அவன் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரில் மீன் விற்றவர். ஆற்று மீன்கள் இருபத்து மூன்றின் பெயர் அவருக்குத் தெரியும். பாதி மூசாவுக்கே தெரியாது, அகராதியில் ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை காலை அவருக்கு விமானம். அதற்குள் பதிந்தாக வேண்டும். மூசாவின் வீட்டிலோ நான்கு பிள்ளைகள்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். எங்கள் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் என் மச்சானின் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. “ஞாயிறு காலமை வா. ஈ பறந்தாலும் கேக்கும்,” என்றேன்.

அந்த வாரம் முழுக்க மனைவி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எந்த மைக் நல்லதென்று தேடிக்கொண்டே “ஓமப்பா, ஓம்” என்றேன். ஒரு வாரமாக வீட்டில் மீன் சமைக்கவில்லை, ஏனென்று கேட்கவில்லை. சனிக்கிழமை மச்சான் மூன்று மூட்டைத் தேங்காயைக் கடைவாசலில் இறக்கச் சொன்னான். இறக்கினேன். (இந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் ஒரு மொழியைக் காப்பாற்றப் புறப்பட்டேன்.)

ஞாயிறு காலை மாமி நீலத் தலைக்கட்டோடு கம்பீரமாக வந்து அமர்ந்தார். மூசா முதல் மீனின் படத்தைக் காட்டினான். அவர் வாயைத் திறந்தார். தெருமுனையில் தவில் முழங்கியது.

சன்னலைத் திறந்தேன். தெரு கொள்ளாத சனம். ஐயோ, பிள்ளையார் தேர்! லா சப்பலில் ரொட்டி விற்கும் வெள்ளைக்காரனுக்குக்கூடத் தெரிந்த நாள்.

“அண்ணை, ஈ பறந்தாலும் கேக்கும் எண்டு சொன்னியள்,” என்றான் மூசா.

வேறு இடம் போகலாமென்றால் தெருவை மறித்திருந்தார்கள். பின்னேரம்வரை பொறுக்கலாமென்றால் எங்கள் இருவருக்கும் குசினி வேலை. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“சன்னலுக்குக் கீழைதான் நிக்கிறன். நாலு தரம் சொன்னனான். கெடுகுடி சொற்கேளாது!” என்றாள்.

மூசா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தத் தேங்காய் மூட்டைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மாமிதான் எழுந்து சன்னலடிக்குப் போனார். தேரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், சிரித்தார். மூசாவிடம் ஏதோ சொன்னார்.

“மீன் சந்தையிலை இதைவிடச் சத்தமாம். மைக்கைப் போடட்டாம்.”

போட்டோம். கூவிக் கூவி மீன் விற்ற குரல் அல்லவா! தவிலை மீறிக்கொண்டு முதல் பெயர் வந்தது. வந்து முடிந்த மறுநொடி, கீழே மச்சான் ஒரு தேங்காயை நிலத்தில் அடித்தான். டொக்! அடுத்த தேங்காய்க்கு அவன் குனிவதற்குள் மாமி அடுத்த மீனைச் சொன்னார். டொக்! இருபத்து மூன்று மீனும் இப்படியே கரையேறின.

பதிவுகளை இணையத்தில் ஏற்றினோம். ‘பெரும் இரைச்சல். நீக்கிவிடலாமா?’ என்று எங்கோ இருக்கும் ஒரு தொண்டர் எழுதினார். ‘வேண்டாம். இந்தப் பெயர்களைச் சொல்ல நம்மிடம் வேறு குரல் இல்லை,’ என்று இன்னொருவர் பதில் எழுதினார். பேருந்தில் அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். பக்கத்திலிருந்த கிழவி எனக்குக் கைக்குட்டை தந்தாள்.

மாமி போய்ச் சில மாதம் கழித்து மூசா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மனைவி மீன்குழம்பை வைத்தாள். எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் மூசாவின் அந்த நாலு வயது மகள் ஐசாத்தா மீனைப் பார்த்துச் சொனின்கேயில் ஒரு பெயரைச் சொல்லி, மேசையில் கையால் ‘டொக்’ என்று அடித்தாள். மாமியின் பதிவுகளை நாள் முழுக்கப் போட்டுக் கேட்கிறவளாம். தேங்காய் விழுந்தால்தான் பெயர் முடியும் என்பது அவள் எண்ணம். மூசா சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் மேசையில் ஓர் அடி அடிக்காமல் யாரும் மீனில் கைவைப்பதில்லை. நான் யோசிக்காமல் “ஓமப்பா” என்றாலும் மனைவி ஓர் அடி அடிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மூசா மாமிக்குப் போன் எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தான். இருபத்து மூன்றையும் அடியோடு சேர்த்து ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

பிறகு, மாலியிலிருந்து ஒரு ‘டொக்’ கேட்டது.