தலைவர் யானையும் துணைப்புரதமும்

ஒரு காட்டில், படிவம் நிரப்பாமல் எறும்புகூடப் புற்றுக்குள் நுழைய முடியாத அளவுக்கு நிர்வாகம் முற்றிப்போயிருந்தது. காட்டின் தலைவர் மத்தகராயன் என்ற யானை. அவருக்கு உதவியாளர்களைக் கண்டாலே ஆகாது. ஒவ்வொரு பெரிய மிருகத்தின் மேசைக்குப் பக்கத்திலும் ஒரு சின்னது நிற்கிறதே, அதற்கு என்னதான் வேலை என்று விசாரித்தார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. துணைப் பதவிகள் அத்தனையையும் ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திடத் தும்பிக்கையில் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து செல்போன் அலறியது. திடுக்கிட்டவர் மயங்கி விழுந்தார்.

டாக்டர் ஊசிமணி, ஊசிக்குப் பஞ்சமே இல்லாத முள்ளம்பன்றி, வந்து ஈசிஜி எடுத்தார். கண்விழித்த யானைக்குப் பொறுமையாக விளக்கினார். இதயத்தின் செல்களில் பொட்டாசியம் வெளியேறக் குட்டிக் குட்டி வாசல்கள் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அது வெளியே போனால்தான் இதயம் இளைப்பாறி அடுத்த துடிப்புக்குத் தயாராகும். தலைவருக்கு வாசலில் பழுதில்லை. வாசலை ஒட்டியிருக்கும் துணைப்புரதம்தான் பிறவியிலேயே கோணல். அதனால் பொட்டாசியம் போதுமான அளவு போவதில்லை, இதயம் இளைப்பாறத் தாமதமாகிறது. அந்தச் சமயத்தில் ஓர் அதிர்ச்சி வந்தால் தாளம் தப்பும், உயிரே போகலாம்.

"அந்தத் துணை ரொம்பப் பெரியதா?" என்று கேட்டார் யானை.

"வாசல் நீங்கள் என்றால், அது முயலளவே இருக்கும் சருகுமான்."

"வாசலைத் திறப்பது அதுவா?"

"இல்லை தலைவரே. திறப்பது வாசல்தான். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு தாராளமாக என்பதெல்லாம் அந்தத் துணையின் இஷ்டம். பெயர் கெடுவது மட்டும் வாசலுக்கு."

யானை கையெழுத்திடாத ஆணையைத் தும்பிக்கையில் எடுத்துக்கொண்டார்.

வெளியே உதவியாளர்கள் மனுவோடு வரிசையில் நின்றார்கள். பிழைப்பு போய்விடுமே என்பதுதான் எல்லோருடைய பேச்சும். முன்னால் நின்ற சருகுமான் செவ்வந்தியை யானை உள்ளே அழைத்தார். அவள் கண்முன்னாலேயே ஆணையைக் கிழித்துப் போட்டார். உங்கள் அருமை இத்தனை நாள் தெரியவில்லையே என்று கண்ணீர் விட்டார். செவ்வந்தியும் அழுதாள். அங்கேயே அவளைக் காட்டின் தலைவியாக அறிவித்து மாலையும் போட்டார்.

துணைத் தலைவர் பதவியை அவரே எடுத்துக்கொண்டார்.

இப்போது மனு, வரிசை, வசவு எல்லாம் செவ்வந்திக்கு. யானை அவள் நாற்காலியில் சாய்ந்தபடி, மாத்திரையை மென்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் மெதுவாகம்மா" என்று காதோரம் சொல்வதோடு சரி. போன மாதம் பரிசோதித்த டாக்டர், தேறிவிட்டீர்கள் என்றார். செவ்வந்திக்குத்தான் ஓர் ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

நீதி: வாசலாக இருப்பவருக்கு வசவு, வாசலில் சாய்ந்து நிற்பவருக்கே ஆயுசு.