சாயங்காலக் காய்ச்சல்

காரில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அதுதான் குணாளனுக்குப் பொறுக்கவில்லை.

"சைபர் மூணு சைபர் ஒண்ணுன்னு போன்ல காட்டுது. முதல் சிலிண்டர்ல எண்ணெ சரியா எரியலையாம். அப்ப மீட்டர்ல மஞ்சள் விளக்கு எரியணுமா இல்லையா?"

"எரியலையே?" என்றாள் விமலா, பயற்றங்காயை நறுக்கிக்கொண்டே.

"அதத்தான் சொல்றேன்! பல்ப கழட்டிட்டு இந்தப் பழைய காடிய நம்மகிட்ட வித்துட்டான் அந்த பீடோர்க்காரன்."

"நல்லாத்தானே ஓடுது. சந்தேகமா இருந்தா பட்டற போமேன்கிட்ட காட்டுங்க."

"போமேன் வாய்க்கு வந்தத சொல்லுவான். பெட்டி பொய் சொல்லாது."

பெட்டி என்றால் தீப்பெட்டி அளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிவிட்டால், காரின் நோயை நம்பராக, வயர் இல்லாமலே போனுக்கு அனுப்பும். குணாளனும் பக்கத்து வீட்டுக் கனகராஜும் ஆளுக்கொன்றாக ஒரே பொட்டலத்தில் வரவழைத்தார்கள். புந்தோங்கில் அவர்களுடைய வரிசை வீடுகளின் கார் நிறுத்தும் இடங்களுக்கு நடுவே இருந்தது இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். குணாளன் தன் காரில் செருகினான், போனில் பெட்டியின் பெயர் வந்தது, தொட்டான், சேர்ந்துகொண்டது. அன்றோடு தூக்கம் போயிற்று.

தூக்கம் போகக் காரணம் இருந்தது. பாரிட் புந்தாரில் தங்கை கலாதேவியின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மூத்த தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும்.

"அண்ணே, பத்து மணிக்குள்ள வந்துரு," என்று கலாதேவி போனில் சொல்லியிருந்தாள். "வீடு குடிபோனப்ப எல எடுத்தப்புறம் வந்து நின்ன. இந்தத் தடவ லேட்டானா பவித்ரன் மடியில உக்கார வச்சிருவேன்."

பவித்ரன் இளைய தம்பி. புதுக் கார் வைத்திருப்பவன். அவன் மடி என்று கேட்டதுமே குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கனகராஜ் தன் பழைய காருக்குள் என்ஜினை ஓடவிட்டு, ஏர்கோன் குளிரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். வேலை விட்டு வந்ததும் அங்கேதான் இருப்பான். வீட்டு ஹாலில் அவன் மாமியார் சத்தமாக வைத்து நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கனகராஜ், சைபர் மூணு சைபர் ஒண்ணாம்!"

கண்ணாடி இறங்கியது. "நல்ல நம்பரா இருக்கே அண்ணே. புதன்கிழம லாட்டரியில எடுத்துப் பாக்குறேன்."

"அட, காடி நம்பர்டா! உன் பெட்டி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

கொடுத்துவைத்தவன் என்று பெருமூச்சு விட்டான் குணாளன்.

மறுநாள் புது பிளக் வாங்கி, வீடியோ பார்த்து, தானே மாற்றினான். சாயங்காலம் போனைத் தொட்டால் அதே நம்பர். கூடவே துணைக்கு இன்னொன்று: என்ஜின் சூடு அளவு மீறிவிட்டதாம்.

அதற்கு மறுநாள் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினான். ஒரு ரப்பர் குழாய் கையோடு வந்தது. ஒட்டினான். ஒட்டிய இடத்தில் ஒழுகியது.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. காலையில் எத்தனை முறை தட்டினாலும், கார் பேசவில்லை என்றே போன் சொன்னது. பொழுது சாய்ந்தபிறகுதான் நம்பர் நம்பராகக் கக்கியது.

"சாயங்காலம் ஆனா காய்ச்சல் வருது விமலா. உள்நோவு."

"அப்ப ரசம் வச்சுக் குடுங்க."

கடைசியில், பீடோர்க்காரன் திருடிய பல்பைக் கையும் களவுமாகப் பிடிக்க மீட்டரையே கழற்றினான். பல்ப் அதன் இடத்தில் சமத்தாக உட்கார்ந்திருந்தது. மீட்டர்தான் மறுபடி அதன் இடத்தில் உட்கார மறுத்தது. அமுக்கித் திணித்தபின், இடது பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே ஹாரன் அலறியது.

"எங்க மாமியாருக்கு நாடகம் கேக்கலையாம்ண்ணே," என்று சுவரோரம் வந்து சொன்னான் கனகராஜ்.

ஹாரன் வயரைப் பிடுங்கினான் குணாளன். அதன்பின் கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை. கையில் இரண்டு திருகாணி மிச்சம். சனிக்கிழமை, பொழுது இருட்டிவிட்டது. போன் மட்டும் விடாமல் காய்ச்சல் சொல்லிக்கொண்டிருந்தது. குணாளனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என் காடிய எடுத்துட்டுப் போங்க லா," என்றான் கனகராஜ். "நாளைக்கு நான் எங்கயும் போகல."

தம்பி இருந்தும் பக்கத்து வீட்டுக்காரன்தான் உதவுகிறான் என்று குணாளன் நெகிழ்ந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். விமலா மடியில் சீர்த்தட்டு. கனகராஜ் காரின் மீட்டர் மேலேயே ஒரு முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"மீட்டர் மேலயா சாமி படம் ஒட்டுவாங்க?"

"பக்தியான பையன். அதான் காடிக்கு ஒரு கொறையும் இல்ல."

கோலகங்சாருக்கு முன்னால் மலையைக் குடைந்த குகைப் பாதைக்கு ஏறும் மேட்டில் கார் இருமியது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் குலுங்கியது. பிறகு முன்பக்கமிருந்து புகை கிளம்ப, ரோட்டோரமாக நின்றேவிட்டது. லொரிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

கலாதேவியிடமிருந்து செய்தி வந்தது. "பவித்ரன் வந்துட்டான். நீ எங்கண்ணே?"

பதில் எழுதக் குணாளன் போனை எடுத்தான். பதற்றத்தில், பழக்கதோஷத்தில், நோய் பார்க்கும் பக்கத்தைத் தொட்டுவிட்டான்.

"விமலா! சைபர் மூணு சைபர் ஒண்ணு! சூடும் காட்டுது. நம்ம காடி நம்பர் இங்க எப்படி வருது?"

"நம்ம காடிதான் புந்தோங்ல செத்துக் கெடக்கே. பெட்டியும் அதுலதான இருக்கு?" என்றாள் விமலா.

பிறகு "முருகா!" என்று ஸ்டிக்கரைத் தொட்டுக் கும்பிட்டாள். சூட்டில் இளகியிருந்த ஸ்டிக்கர் அவள் விரலோடு வந்தது. அதன் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

குணாளன் கனகராஜைப் போனில் கூப்பிட்டான். "டேய், நீ வாங்கின பெட்டி எங்கடா?"

"அந்தக் காடியிலதாண்ணே, கீழ செருகி இருக்கு. வந்த அன்னைக்கே மாட்டிட்டேன், ஆனா என் போனுக்கு ஒரு நாளும் கெடைக்கல. வேற போனோட சேந்திருக்குன்னே சொல்லுது. எவனோ ஒருத்தன் தெனம் சாயங்காலம் என் பெட்டியப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குறாண்ணே!"