குருட்டுக் கொக்கும் ராகு காலமும்

ஒற்றைக் கொக்குக்காகத் தன் கல்யாணத்தையே பணயம் வைத்த மனிதர் மாத்தளை மாவட்டத்திலேயே ஒருவர்தான். பலாபத்வல ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே கொக்கண்ணன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. எப்படி ஆகும்? வயலைக் கண்டால், கொக்குப் பார்க்க அவர் வண்டி தானாக நின்றுவிடும். ஹயருக்கு வாடகை பேசி ஏறியவர்கள் திட்டிக்கொண்டே இறங்கி பஸ் பிடிப்பார்கள்.

அவருடைய அக்கா அலையாய் அலைந்து வில்கமுவவில் ஒரு பெண் பார்த்தார். "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனி உனக்குப் பொண்ணு தேட மாட்டேன்டா. ராகு காலத்துக்கு முந்திப் போயிரணும்," என்று கறாராகச் சொல்லி, காவலுக்கு, எப்போதும் அவர் வண்டியிலேயே போய்வரும் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

வில்கமுவவை நெருங்கும்போது, வரப்போரம் மண் நிறத்தில் ஒன்று கூனிக் குறுகி நின்றது. ஆட்டோவும் நின்றது.

"நாரைடா அது. வண்டிய எடு!" என்றார் அக்கா.

"நாரைக்கு இவ்வளவு குட்டைக் காலாக்கா? ரெக்கை வெள்ளையா இருந்தா குருட்டுக் கொக்கு. பறக்கட்டும், பாத்திட்டுப் போவோம்."

நான் கை தட்டப் போனேன். அண்ணன் பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"சாப்பிடப் போறவன எழுப்புறதா? பாவம்டா!"

அது எங்கே சாப்பிட்டது? கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு தண்ணீரையே முறைத்தது. அண்ணனும் வெள்ளை வேட்டியோடு சேற்றில் இறங்கி அதேபோல் நின்றார். அக்கா இரண்டையும் சேர்த்துத் திட்டினார். திடீரென்று கழுத்து நீண்டது. ஒரு தவளை உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் கொக்குத் துரை கிளம்பினார். பழுப்பு உடம்பிலிருந்து பளீரென்று வெள்ளை இறக்கை! "நான் சொல்லல?" என்று அண்ணன் துள்ளியதில் மிச்சமிருந்த வேட்டியும் சேறானது.

போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. பெண்ணின் அப்பா வாசலிலேயே மறித்தார்.

"இந்த நேரத்துல, இந்தக் கோலத்துலயா பொண்ணு பாக்க வந்தீங்க?"

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"வயல்ல ஒரு குருட்டுக் கொக்கு சாப்பிட்டுக்கிட்டு இருந்திச்சுங்க. அதான்."

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். பெண்ணே வெளியே வந்துவிட்டார்.

"அது நண்டும் திங்குமுங்க. நம்ம வயல்ல தெனமும் நிக்குது. கிட்டப் போனாலும் அசையாது, அதான் குருடுன்னு பேரு வச்சிட்டாங்க," என்றவர் அப்பாவிடம் திரும்பினார். "ஒரு கொக்கு சாப்பிட்டு முடியிற வரைக்கும் காத்திருந்தவரு என்னையப் பட்டினி போட மாட்டாருப்பா. ராகு காலம் முடியட்டும், உக்காரச் சொல்லுங்க."

கொக்கண்ணன் இப்போது வில்கமுவவிலேயே வீட்டோடு மாப்பிள்ளை. ஸ்டாண்டில் அவர் இடத்துக்கு வந்த ஆட்டோ எந்த வயலோரமும் நிற்பதில்லை. சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. நேரத்துக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறேன்? அந்த மனுஷன் இல்லாத வண்டியில் ஏறவே எனக்கு மனசு வரவில்லை.