வின்ச்சுக்கு ஊற்றிய எண்ணெய்

படூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைத்துனர் ஜம்புலிங்கம் அவர்களுக்குக் கண்ணாயிரம் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்கா பானுமதியும் நலம். சதுரங்கப்பட்டினத்தில் அனைவரும் நலமென்றும், கவிழ்ந்த படகை நிமிர்த்தியிருப்பீர்கள் என்றும் நம்புகிறேன்.

ஞாயிறன்று படகைக் கரைக்கு இழுத்த வின்ச்சின் சக்கரப் பல் பாதியில் உதிர்ந்து, படகு அலைக்குள் சறுக்கிக் கவிழ்ந்தது. உடனே நாற்பது பேர் முன்னிலையில், "இன்னாத்த ஊத்தினியோ மாமா, பதினோரு வருசம் ஓடின வின்ச்சு நாலே மாசத்துல பூட்ச்சி. எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீ வரவே வாணாம்" என்றீர்கள். எதிரே இருப்பவர் குரலை உயர்த்தினால் எனக்குப் பேச வராது. காகிதம் கத்தாது, ஆகவே எழுதுகிறேன்.

கல்லூரி ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டு எண்ணெய்களை அழுத்திப் பார்த்தவன் நான். சக்கரத்தின் பல்லும் பல்லும் தொடும் இடம் அரிசி மணி அளவுகூட இராது. படகின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். அப்போது எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும் என்று உங்களைப் போன்றவர்கள் நினைப்பீர்கள். ஓடாது. ஒரு கணம் தேனாகி, மெழுகாகி, ஏறக்குறையக் கண்ணாடியாக இறுகிப் பற்களைப் பிரித்து வைக்கும். அதுவும் தாங்காதபோது கந்தகம் கலந்த எண்ணெய் இரும்பின்மேல் மெல்லிய தோல் போர்த்திக் காக்கும். நீங்களோ, அப்பா ஊற்றினார் என்பதற்காக, பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெயை ஊற்றிவந்தீர்கள். நான்கு மாதத்துக்கு முன் நான்தான் சக்கரப் பெட்டிக்குள் மூன்று முறை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அளவுக் குவளையில் அளந்து கந்தக எண்ணெய் ஊற்றினேன். அதன் பிறகும் பல் உதிர்ந்ததென்றால் உங்கள் மகன் லோகு ஒரே கயிற்றில் இரண்டு படகைக் கட்டியிருப்பான். கேட்டால், "ரெண்டும் நம்மளுதுதான மாமா" என்று சிரிப்பான்.

அறியாமை குற்றமல்ல, அதை உரக்கச் சொல்வதுதான் குற்றம். பிழை தங்களுடையது என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் மகள் பூங்கொடியின் கல்யாணத்தில் முன்வரிசையில் அமர்வேன். இல்லையேல் வரமாட்டேன். (வந்தாலும் வருவேன், பானுமதி சேலை எடுத்துவிட்டாள்.)

மணமக்களுக்கு ஆசிகள். அத்தை எல்லம்மாளின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள்,
கண்ணாயிரம்

பி.கு.: உறையை ஒட்டும்போது லோகு வந்து, பல் உதிர்ந்த சக்கரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அது இரும்பல்ல, வெண்கலம். சூடேறினால் கந்தகம் வெண்கலத்தை அரித்துத் தின்னும். ஆண்டுதோறும் மாணவர்களுக்காகக் கரும்பலகையில் இதை எழுதிப்போட்டவன் நானேதான். எண்ணெய் மாற்றிய அன்றே பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். வெண்கலத்துக்கு விளக்கெண்ணெயால் ஒரு கெடுதலும் இல்லை. கடிதத்தைக் கிழிக்க எண்ணினேன். வாயடைத்து நின்றவன் ஒருமுறையாவது முழுதாகப் பேசியதாக இருக்கட்டும் என்று அனுப்புகிறேன். கடைசி வரிசை போதும், கல்யாணத்துக்கு வருகிறேன், ஐந்து லிட்டர் விளக்கெண்ணெயோடு. மங்கல காரியத்துக்கு எண்ணெய் எடுத்துப் போகக் கூடாது என்கிறாள் பானுமதி. பின்வாசலைத் திறந்து வையுங்கள்.