சுவருக்கு வைத்த நிலை

லண்டன் மாநகரத்தில் வெறும் சுவருக்கு நல்ல நேரம் பார்த்து நிலை வைத்த ஒரே மனிதர் சோடி அண்ணைதான். அவருக்கு முன்னும் ஒருவரும் வைத்ததில்லை, இனி வைக்கப்போவதுமில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் அவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். எப்போதோ ஒரு பிரபு கட்டிய பழைய மாளிகையில், பார்க்கச் சனம் வருமுன்னம் போய்த் தூசி தட்டுவது எங்கள் வேலை. பெரிய மண்டபத்தில் வலப்பக்கம் ஒரு கதவு, இடப்பக்கம் அச்சு அசலாக இன்னொன்று. ஒருநாள் அண்ணை இடப்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே செங்கல் சுவர்.

நாங்கள்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று நான் நடுங்கிப்போனேன். மேற்பார்வை பார்க்கும் வெள்ளைக்காரம்மா சிரித்தார். ஒரு பக்கம் கதவிருந்தால் மறுபக்கமும் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மண்டபம் முடமாகத் தெரியுமாம். அதற்காகவே வைத்த பொய்க் கதவாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அண்ணையோ மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

அன்றிலிருந்துதான் அவர் சோடி அண்ணை. சட்டையில் இரண்டு பக்கமும் பை, இரண்டிலும் பேனா. மேசையின் இரு முனையிலும் தேத்தண்ணீர். இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய். கல்யாண வீட்டுக்குப் போனால் பரிசாக ஒரே மாதிரி இரண்டு குக்கர்.

கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த அவர் மனைவி ராணியக்கா, தொலைபேசியில் "ஒரே அறையோ?" என்று கேட்டதில்தான் வில்லங்கம் தொடங்கியது.

"ரெண்டு கதவு இருக்கு" என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

சந்தையில் பழைய பித்தளைக் கதவுப் பிடி வாங்கினார். தன் அறைச் சுவரில் மரச்சட்டம் அடித்து, மண்ணிறப் பெயின்டில் கதவு வரைந்து, பிடியைப் பொருத்தினார். டூட்டிங் தமிழ்க் கடைவரை போய் மாவிலை கொண்டுவந்து, கற்பூரமும் கொளுத்தினார்.

"அண்ணை, சுவருக்கு என்ன நல்ல நேரம்?"

"சுவருக்கில்லையடா, அவள் வாறதுக்கு."

"புகை கீழை போகுது. வீட்டுக்காரர் கண்டால் ரெண்டு பேரும் றோட்டிலைதான்!"

பயந்தபடியே வீட்டுக்காரர் வந்தார். பருத்தித்துறையில் வாத்தியாராக இருந்தவர்.

"இது என்ன புதுக் கதவு? எனக்குத் தெரியாமல் உள்ளுக்கை ஆரை வைச்சிருக்கிறீர்?"

"ஒருத்தருமில்லை, மாஸ்டர்."

"எனக்குக் கதை விடாதையும்!" பிடியைத் திருகினார். தோளால் இடித்தார். "ஆரது, மரியாதையாய் வெளியிலை வாரும்!"

ஒருவரும் வரவில்லை. பிடிதான் கையோடு வந்தது.

அண்ணை தலையைக் குனிந்தார். "மனிசி வரப்போறா, மாஸ்டர். அவவுக்குத்தான்."

மாஸ்டர் பிடியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "வந்தால் வாடகை கூட்டுவன்" என்று உறுமினார். பிறகு தானே பிடியைத் திரும்பப் பொருத்திவிட்டு இறங்கிப் போனார்.

வாடகை கூட்ட அவருக்கு வாய்க்கவில்லை. விசா மறுக்கப்பட்டது. திரும்பவும் மறுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அண்ணை அந்தப் பிடியைத் துடைத்து மினுக்குவார். தொண்ணூறுகளில் ஒரு காலை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அவளுக்கு வர ஏலாது. நான் போறன்."

"அங்கை சண்டை அண்ணை! போனால் திரும்பி வர ஏலாது!"

"ஓம், தெரியும்" என்றார்.

விமான நிலையத்துக்கு ஒரே அளவில் இரண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒன்று வெறும் பெட்டி. கொழும்பிலிருந்து ஒருமுறை பேசினார். இருவரும் யாழ்ப்பாணம் போகிறார்களாம். பின்னால் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதோடு சரி. விசாரிக்காத ஆளில்லை. ஒரு தகவலும் இல்லை.

அவருடைய அறைக்கு நான் மாறிக்கொண்டேன். பெயின்ட் உரிகிற இடத்தில் பூசிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள், அந்தக் கதவு எங்கே போகிறது என்று கேட்பார்கள். பிடியைத் தொட விடமாட்டேன்.

"மெல்லக் கதையுங்கோ" என்பேன். "உள்ளுக்கை ரெண்டு பேர் இருக்கினம்."